துவக்கில்லாத வேட்டை: சின்னப் பிள்ளைகளோடு வன்னிக் காட்டோரம் போக ஒரு வழிகாட்டி

விடுமுறைக்கு ஆட்கள் வந்திறங்கும், இலங்கையின் வடக்கே உள்ள வன்னி வீடுகளில் இரண்டாம் மூன்றாம் நாள் இரவே வேட்டைக் கதை தொடங்கிவிடும். மாமாவோ பெரியப்பாவோ முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நாய் பன்றியை மறித்ததையும், இடியன் துவக்கு, அதாவது நாட்டுத் துப்பாக்கி, வெடிக்காமல் புகைந்ததையும், விடியும்வரை மரக்கொப்பில் குந்தியிருந்ததையும் எடுத்துவிடுவார். அதில் பாதி நடந்தது, மீதி அவருடைய சொந்தச் சரக்கு. வாயைப் பிளந்து கேட்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. "எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ மாமா" என்று பிடித்துக்கொள்ளும். மாமாவும் "அதுக்கென்ன, நாளைக்கே போவம்" என்பார்.

அந்த நேரம் ஒருவரையொருவர் பார்த்து முழிக்கும் தாய் தகப்பனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூட்டிப் போகலாம். மாமா சொல்கிற மாதிரி மட்டும் வேண்டாம்.

துவக்கை வீட்டில் விடுங்கள்

வனவிலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. அதற்குப் பிறகு பலமுறை திருத்தி இறுக்கியிருக்கிறார்கள். மான், மரை, எறும்பு தின்னும் அழுங்கு, உடும்பு எல்லாம் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். கொல்வது மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருப்பதும் உங்களைச் சிக்கலில் மாட்டும். பயிருக்குள் இறங்கும் பன்றியோடு கமக்காரர் படும் பாடு வேறு கதை. அது அவருடைய காணிக்குள் நடப்பது, அதைப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட வேண்டியதில்லை. "ஒரு நாள்தானே, யார் பார்க்கப்போகினம்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், மருந்து போட்ட துவக்கும் சின்னப் பிள்ளையும் ஒரே ஒற்றையடிப் பாதையில் நடக்கக் கூடாது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

துவக்கை எடுத்துவிட்டால் வேட்டையில் மிஞ்சுவது என்ன? தடம், எச்சம், சத்தம், காற்று. பிள்ளை கேட்பதும் அதைத்தான். அதற்கு விலங்கைக் கொல்லும் ஆசை இல்லை. ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் ஆசைதான்.

ஆனால் வேட்டைக்காரரின் கணக்கை நீங்கள் தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வாய் திறக்கமாட்டார். நீங்கள் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். தன் வாடை விலங்குக்குப் போகாமல் அவர் காற்றுக்கு எதிராக நடப்பார். நீங்கள் வருவது எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே தெரிவது நல்லது. அவர் தடத்தைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார்; நீங்கள் தடத்தைப் பார்த்துவிட்டுப் பாதையிலேயே நிற்க வேண்டும். கீழே வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

யாரைக் கூட்டிப் போவது, யாரோடு போவது

ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம். தோளில் தூக்கிக்கொண்டு போகலாமே என்பீர்கள். தோளில் பிள்ளை இருந்தால் உங்களால் குனிந்து பார்க்கவும் முடியாது, சட்டென்று திரும்பி நடக்கவும் முடியாது. ஐந்திலிருந்து ஏழு வயதுவரை ஒரு மணி நேரம் போதும். எட்டுக்கு மேல் என்றால் இரண்டு மணி நேரம். ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்குக் குறையக் கூடாது. நாலு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர் என்றால் இரண்டு தடவையாகப் போங்கள்.

ஊர் ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். போன கிழமை யானை எந்தப் பக்கம் இறங்கியது, யாருடைய காணியில் வெடி வைத்திருக்கிறார்கள், எந்தத் துண்டில் இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. மாடு மேய்ப்பவர், தேன் எடுக்கப் போகிறவர், வயல்காவலுக்குக் கொட்டிலில் படுக்கிறவர், இவர்களுக்குத்தான் தெரியும். பெரிய வேட்டைக்காரர் என்று பெயரெடுத்தவரைவிட, இரண்டு பிள்ளைகளை வளர்த்த மாட்டுக்காரர் உங்களுக்கு உதவுவார். முதலாமவர் எதையாவது காட்டியே தீர வேண்டும் என்று உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டு போவார். மற்றவர் தண்ணீர் குடிக்க நிறுத்துவார்.

போவதற்கு முன் விதானையாரிடமோ (கிராம சேவகர்) அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடமோ ஒரு சொல் சொல்லி வையுங்கள். ஒதுக்கக் காடுகளுக்குள் போக வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதனால் காட்டுக்குள் போகும் யோசனையை விட்டுவிட்டு, காட்டின் ஓரத்தோடு நில்லுங்கள். சிறுத்தையையும் கரடியையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளை நின்றால், அதற்கு வில்பத்து தேசியப் பூங்கா இருக்கிறது; பணம் கட்டி ஜீப்பில் ஏறிப் பாருங்கள். வன்னியிலும் மடு வீதி, சுண்டிக்குளம் இரண்டையும் 2015இல் தேசியப் பூங்காக்களாக அறிவித்தார்கள். சுண்டிக்குளம் கொக்கு, நாரை, பூநாரை பார்க்கிற இடம். அது வேறு பயணம், வேறு நாள்.

எங்கே, எப்போது

சின்னக் கால்களுக்குத் தோதான இடம் குளத்தின் அலைகரை. குளக்கட்டுக்கு எதிர்ப்பக்கம், காடும் தண்ணீரும் சந்திக்கும் வெளி அது. வைகாசி தொடங்கிச் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் பின்வாங்கிக்கொண்டே போகும். ஆடி ஆவணியில் ஈரச் சேறு அகலமாய் வெளியே வந்து கிடக்கும். இரவில் தண்ணீருக்கு வந்த எல்லா விலங்கும் அதில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கும். வெளியான இடம் என்பதால் எது வந்தாலும் தூரத்திலேயே தெரியும். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் மாதிரிப் பெரிய குளங்கள்தான் வேண்டும் என்றில்லை. ஊருக்குப் பக்கத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் சின்னக் குளமே முதல் நாளுக்குப் போதும்.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் இந்தப் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள். சேற்றில் தடம் நிற்காது, புல் உயர்ந்துவிடும், வெட்டவெளியில் இடியும் மின்னலும் வேறு.

நேரத்தைப் பொறுத்தவரை வேட்டைக்காரர் விடியுமுன் போவார், அல்லது பொழுதுபட இறங்குவார். உங்களுக்கு இரண்டும் கூடாது, ஏனென்றால் யானை நடமாடுகிற நேரம் அதுதான். வெயில் நன்றாக வெளித்த பிறகு, ஆறரை ஏழு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்குள் வாகனத்துக்குத் திரும்பிவிடுங்கள். காலை வெயில் சரிந்து விழுவதால் தடத்தின் விளிம்பில் நிழல் கட்டும். உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாத தடம் அந்த நேரத்தில் துலக்கமாய்த் தெரியும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அலைகரையில் பிள்ளையோடு நிற்க வேண்டாம்.

உடுப்பும் பையும்

நீளக் காற்சட்டை, நீளக் கை சேட், மூடின சப்பாத்து. காற்சட்டையின் கீழ்ப்பாகத்தைச் சொக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பார்க்க நல்லாயிராது, ஆனால் உண்ணி ஏறாது. செருப்போடு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள். காட்டுக்குப் போகிறோம் என்று பச்சையும் மண்நிறமும் போடாமல் சிவப்பு, மஞ்சள் என்று எடுப்பான நிறமாய்ப் போடுங்கள். ஒளிக்கப் போவது நீங்களில்லை. காட்டோரம் யாராவது துவக்கோடு திரிந்தாலும் அந்த நிறம் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். பையில் ஆளுக்கொரு போத்தல் தண்ணீர், அதற்கு மேல் ஒரு போத்தல். பாணும் சம்பலும் அல்லது எள்ளுருண்டை. பிளாஸ்ரர், நீளமான துணிப் பட்டி, உண்ணி பிடுங்கச் சின்ன இடுக்கி, ஒரு பந்து நூல், அடிமட்டம். பிறகு, ஹாட்வெயர் கடையில் வாங்கிய பிளாஸ்ரர் ஒவ் பரிஸ் மாவும் பழைய கார்ட்போர்ட் பட்டியும். இது ஏன் என்று கீழே சொல்கிறேன். நாயைக் கொண்டுபோக வேண்டாம். அது கரடியையோ பன்றியையோ கிளப்பிவிட்டு, பயந்துபோய் உங்களிடமே ஓடிவரும், பின்னால் வருவதையும் கூட்டிக்கொண்டு.

முதல் நாள் இரவு சொல்ல வேண்டியவை

இதைக் காட்டோரத்தில் வைத்துச் சொன்னால் பிள்ளையின் காதில் ஏறாது. முதல் நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்த்திச் சொல்லுங்கள். பயமுறுத்த வேண்டாம், ஆனால் மழுப்பவும் வேண்டாம்.

முதலாவது, நிலத்தில் கிடக்கும் எதையும் கையால் தொடக் கூடாது, காலால் தட்டக் கூடாது. வன்னி மண்ணில் போர் விட்டுப்போனது இன்னும் முழுதாய் எடுத்து முடியவில்லை. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, வருடக்கணக்காய் மண்ணைக் கிண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு மழையில் மண் கரைந்தால் துருப்பிடித்த இரும்பு ஒன்று எட்டிப் பார்க்கும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் படத்தில் காட்டிப் பழக்குங்கள். அது கண்ணில் பட்டால் வந்த காலடியிலேயே திரும்ப வேண்டும். ஏதாவது கண்டால் தொடாமல், இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் புதிது. அதன் கண்ணில் ஒரு இரும்புக் குண்டு விளையாட்டுச் சாமான்தான்.

இரண்டாவது, பன்றிக்கு வைக்கும் வெடி. தீனுக்குள் மறைத்துக் காட்டோரத்திலும் வயலோரத்திலும் போட்டிருப்பார்கள். கடித்ததும் வெடிக்கும். யானைக்கன்றுகள் வாய் கிழிந்து நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாவது இதனால்தான். பூசணித் துண்டோ பழமோ பொட்டலமோ, காட்டில் கிடக்கும் எந்தத் தீனையும் பிள்ளை எடுக்கக் கூடாது.

மூன்றாவது கட்டுத்துவக்கு. விலங்கு போய்வரும் தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ இழுத்து, மரத்தில் கட்டின துவக்கின் விசையோடு பொருத்தியிருப்பார்கள். பன்றியின் நெஞ்சு உயரத்துக்கு வைப்பது ஆளின் தொடையில் படும். சின்னப் பிள்ளைக்கு எங்கே படும் என்று நான் எழுதத் தேவையில்லை. அதனால்தான் விலங்குத் தடத்தைத் தொடர வேண்டாம் என்கிறேன். வண்டில் பாதையில், மாடு தினமும் போய்வரும் வழியில் மட்டும் நடவுங்கள். ஊர் ஆள் முன்னால், பிள்ளைகள் நடுவில், கடைசியில் ஒரு பெரியவர். கம்பிச் சுருக்கும், வயலைச் சுற்றிக் களவாய் இழுத்த கரண்டுக் கம்பியும் இதே ரகம்தான். வேலியைத் தொடாதே என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

போர்க்காலத்தில் ஆட்கள் விட்டுப்போன காணிகளில் கட்டில்லாத கிணறுகள் புல் மூடிக் கிடக்கும். பழைய பங்கர்களும், அதாவது பதுங்குகுழிகளும், அப்படித்தான். பற்றைக்குள் ஓடிப்போய் மூத்திரம் பெய்கிற வேலை வேண்டாம். பாதையோரத்திலேயே, பெரியவர் ஒருவர் மறைத்து நிற்கட்டும்.

தவறிப்போனால் என்ன செய்வது என்பதையும் இதோடு பழக்குங்கள். நின்ற இடத்திலேயே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், மூன்று தரம் விசில் ஊத வேண்டும், கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஊத வேண்டும். தேடிக்கொண்டு நடக்கக் கூடாது. வீட்டு முற்றத்தில் ஒளித்துப்பிடித்து விளையாட்டாய் இரண்டு தரம் செய்து பார்த்தால் மறக்காது.

நடக்கத் தொடங்கிய பிறகு

காட்டு எல்லையில் ஒரு கொப்பை முறித்து மரத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவது வன்னியில் பழைய வழக்கம். சிலர் ஐயனாருக்கு என்பார்கள், சிலர் பிள்ளையாருக்கு. நம்பிக்கை உங்கள் பாடு. ஆனால் அந்த ஒரு நிமிடம் எல்லாரும் நிற்பார்கள், தலை எண்ணலாம், சப்பாத்து நூல் பார்க்கலாம், இரவு சொன்னதை ஒருமுறை கேட்கலாம். அதனால் நான் அந்த வழக்கத்தை விடுவதில்லை.

அப்புறம் பேசிக்கொண்டே நடவுங்கள். கரடிக்குக் கண் மந்தம். மூக்கை நிலத்தில் வைத்துப் புற்றைக் கிண்டும் மும்முரத்தில் ஆள் வருவது அதற்குத் தெரியாது. திடீரென்று பக்கத்தில் கண்டால்தான் பாயும். பிள்ளைகளின் கலகலப்பு அதை முன்கூட்டியே நகர்த்திவிடும். "சத்தம் போடாதே" என்று பிள்ளையை அதட்டுகிற பெரியவர், தெரியாமல் ஆபத்தைப் பக்கத்தில் கூப்பிடுகிறார். அதற்காகக் கத்தத் தேவையில்லை, பள்ளிக்கூடப் பாட்டு ஒன்று போதும்.

இடைக்கிடை ஒரு நிமிடம் எல்லாரும் வாய் மூடி நின்று கேளுங்கள். கண்ணை மூடச் சொன்னால் பிள்ளைகள் இன்னும் நன்றாய்க் கேட்பார்கள். ஆட்காட்டிக் குருவி கத்தினால் ஏதோ நடமாடுகிறது, பெரும்பாலும் அது நீங்கள்தான். அதன் முட்டை கல்லுக்கும் மண்ணுக்கும் நிறம் பொருந்தி வெறும் தரையில் கிடக்கும். அது தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் காலைப் பார்த்து வையுங்கள். மந்திகள் மரத்தில் இருந்துகொண்டு ஒரே பக்கம் பார்த்துக் குரைத்தால், அந்தப் பக்கம் போகாதீர்கள். அதைக் கேட்டு ஊர் ஆள் முகம் மாறினால் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் திரும்புங்கள்.

தடம் வாசிப்பது

பயணத்தின் பெரும் பகுதியை இதற்கே கொடுங்கள். அலைகரையின் ஈர மண்ணில், தண்ணீர் விளிம்பிலிருந்து நன்றாய்த் தள்ளி, ஒரு பாய் அகலத் துண்டைத் தெரிவு செய்து எல்லாரும் குந்துங்கள். தள்ளி என்று சொல்வது முதலைக்காக. வற்றிவரும் குளத்தில் முதலைகளும் ஒடுங்கி ஒரே இடத்தில் கிடக்கும். கை கழுவவும் கால் நனைக்கவும் அந்தத் தண்ணீருக்குப் போக வேண்டாம், போத்தல் தண்ணீரைப் பாவியுங்கள்.

முதலில் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். மாட்டுக் குளம்பு எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், அல்லது உடனே தெரிந்துவிடும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மானின் தடத்தைத் தேடுங்கள். மாட்டினுடையதைவிடச் சின்னது, ஒடுக்கமானது, முன்பக்கம் கூர். மரை அதே வடிவத்தில் பெரிது. பன்றியின் குளம்பு முன்னால் மழுங்கியிருக்கும், பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் குழி விழும். மிருதுவான சேற்றில் மானுக்கும் அந்தக் குழி விழலாம். பன்றிக்கு அது அகன்று, குளம்புக்கு வெளியே நிற்கும். பக்கத்திலேயே மண்ணைக் கொத்திப் புரட்டிப் போட்டிருந்தால் சந்தேகமே இல்லை. சேற்றில் புரண்டுவிட்டு மரத்தில் உரசின பன்றி, அடிமரத்தில் மண்ணைப் பூசிவிட்டுப் போயிருக்கும். அந்த மண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அடிமட்டம் வைத்துப் பார்த்தால் பன்றியின் அளவு தெரிந்துவிடும்.

நாய்க்கும் நரிக்கும் நகம் பதியும். பூனை இனத்துக்கு நடக்கும்போது நகம் உள்ளே இருக்கும், அதனால் பதியாது. சிறுத்தையின் தடம் அப்படித்தான், நகமில்லாமல் வட்டமாய் இருக்கும். வன்னியில் சிறுத்தை இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: 2018 ஆனி மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை ஆட்களைக் காயப்படுத்தியது, பிறகு ஆட்கள் அதை அடித்தே கொன்றார்கள். அந்தப் படங்களும் காணொளியும் நாடு முழுக்கப் பரவின. அப்படி ஒரு தடம் கண்டால் பார்த்துவிட்டு அன்றைக்கு நடையை முடித்துக்கொள்ளுங்கள்.

உடும்புத் தடம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு பக்கமும் நகக் கால்கள், நடுவில் வால் இழுபட்ட கோடு நெளிந்து நெளிந்து போகும். மயிலின் கால் மூன்று விரல் விரித்தபடி பெரிதாய்க் கிடக்கும். முயல் புழுக்கை சின்ன உருண்டை, காய்ந்த புல்நார் மாதிரி நொறுங்கும். கரடியின் பின்கால் தடம் சின்ன மனிதக் காலின் சாயல், ஆனால் விரல்களுக்கு முன்னால் நீள நகங்களின் கீறல். புற்றைப் பக்கவாட்டில் தோண்டிப் போட்டிருந்தால் அதுவும் கரடியின் வேலைதான்.

யானைக்கு வருவோம். முன்கால் தடம் வட்டம், பின்கால் கொஞ்சம் நீள்வட்டம். நூலை எடுத்து முன்கால் தடத்தைச் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். அந்த நூலை இரட்டித்தால், அதாவது சுற்றளவைப் போல இரண்டு மடங்கு எடுத்தால், யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். நூலைத் தகப்பனின் காலடியிலிருந்து மேலே பிடித்துப் பாருங்கள், அவருடைய தலையைத் தாண்டிப் போகும். அந்த நேரம் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். காய்ந்த லத்தியைத் தடியால் கிளறினால் விளாங்கொட்டை, பாலைக் கொட்டை எல்லாம் முழுசாய் வரும். யானை மரம் நடுகிறது என்று பாடம் நடத்தத் தேவையில்லை, கொட்டையிலிருந்து முளை எட்டிப் பார்த்தால் பிள்ளையே கேட்கும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பெரியவர் பார்க்க வேண்டியது, தடம் எவ்வளவு பழையது என்பதை. விளிம்பு உடைந்து, உள்ளே தூசியும் சருகும் விழுந்திருந்தால் பழையது. பூச்சிகள் குறுக்கே ஓடிய கோடுகள் மேலே இருந்தால் இரவு தொடக்கத்தில் வந்திருக்கலாம். விளிம்பு கூராய், அடியில் ஈரம் மினுங்கினால், முறித்துப்போட்ட கொப்பு இன்னும் வாடாமல் இருந்தால், லத்தியில் சூடு இருந்தால், நூலை மடித்துப் பையில் வையுங்கள். திரும்பி நடக்க வேண்டிய நேரம்.

மாவுக்கு வருவோம். நல்ல தடம் ஒன்றைத் தெரிவு செய்து, கார்ட்போர்ட் பட்டியை வளைத்து அதைச் சுற்றி மண்ணில் ஊன்றுங்கள். வெட்டின போத்தலில் ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு மாவைப் போட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். தடத்தின் நடுவில் ஊற்றாமல் விளிம்பால் வழியவிடுங்கள், இல்லாவிட்டால் தடம் அழிந்துவிடும். அரை மணி நேரம் இறுகட்டும். அந்த நேரத்துக்குத்தான் பாணும் சம்பலும். அடி மண்ணோடு சேர்த்துத் தூக்கி, வீட்டில் அடுத்த நாள் மெல்லக் கழுவினால் தடம் குவிந்து வெளியே வரும். பிள்ளைக்கு ஒரு நினைவுப்பொருள் ஆயிற்று. இறகு, முள், கொம்பு, ஆமை, முட்டை எதையும் எடுக்கவிடாதீர்கள். வெளிநாடு திரும்புகிறவர்கள் முள்ளம்பன்றி முள்ளைப் பெட்டிக்குள் போட்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பாலைப்பழ ஆசை

வைகாசி முதல் ஆடிவரை பாலை பழுக்கும். மஞ்சளாய், தேன் தித்திப்பாய் இருக்கும். பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் சிரிப்பார்கள். வீரை, உலுவிந்தை என்ற காட்டுப் பழங்களும் இதே காலத்தை ஒட்டித்தான். ஆனால் பாலைப்பழம் கரடிக்கும் உயிர். மரத்தில் ஏறியே தின்னும். அதனால் காட்டுக்குள் நிற்கும் பாலையடிக்குப் பிள்ளைகளோடு போகாதீர்கள். வெளியில் தனியாய் நிற்கும் மரமானாலும் முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டு, அடிமரத்தில் புதிய நகக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும். சந்தையிலும் வீதியோரத்திலும் வாங்கித் தின்றாலும் அதே பழம்தான், ருசி குறையாது. ஊர் ஆள் பெயர் சொல்லித் தராத எந்தக் காட்டுப் பழத்தையும் பிள்ளை வாயில் வைக்கக் கூடாது.

எதிர்ப்பட்டுவிட்டால்

யானையைத் தூரத்தில் கண்டால், அழகாய் இருக்கிறது என்று படம் எடுக்க நிற்காமல், சின்னதைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பாதையிலேயே திரும்புங்கள். இப்போது பாட்டும் வேண்டாம், கூச்சலும் வேண்டாம். கன்று கண்ணில் பட்டால் தாய் எங்கே என்று தேடாதீர்கள், வேகமாய் விலகுங்கள். கரடி என்றால் பிள்ளைகளைப் பின்னால் ஒதுக்கி, எல்லாரும் ஒன்றாய்ச் சேர்ந்து, ஓடாமல் பின்னுக்கு நகருங்கள்.

பாம்பு கடித்தால் பிள்ளையை நடக்கவிடாதீர்கள். கடித்த கையையோ காலையோ அசையாமல் தடி வைத்துத் துணியால் தளர்வாய்க் கட்டி, தூக்கிக்கொண்டு வாகனத்துக்குப் போங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். பாம்பைப் பிடிக்க மினக்கெடாதீர்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அதற்காகவே போனில் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளை பாதியில் "வீட்டை போவம்" என்றால், யானைத் தடத்துக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தாலும் திரும்புங்கள். பேரம் பேச வேண்டாம். ஒன்றுமே காணாமல் திரும்பும் பிள்ளை அடுத்த முறை வரும். இழுத்துக்கொண்டு போன பிள்ளை வராது.

வீட்டுக்கு வந்த பிறகு

உடுப்பை வாசலிலேயே கழற்றிச் சுடுதண்ணீரில் போடுங்கள். கிணற்றடியில் பிள்ளையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள்: காதுக்குப் பின்னால், மயிரடி, கமக்கட்டு, தொடை இடுக்கு, தொப்புள், முழங்கால் மடிப்பு. உண்ணி கடித்திருந்தால் தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேரே மெல்ல இழுங்கள். மண்ணெண்ணெய் பூசுவதும் நெருப்புக் குச்சியால் சுடுவதும் அப்பாச்சி காலத்து வைத்தியம். சுட்டால் உண்ணி வயிற்றில் உள்ளதை உள்ளேயே கக்கிவிடும். எடுத்த இடத்தைக் கழுவித் தேதியைக் குறித்து வையுங்கள்.

அடுத்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், தலையிடி, உடம்பில் பரு அல்லது கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு எது வந்தாலும் டொக்டரிடம் போங்கள். போனதும் முதல் வார்த்தையாய், பிள்ளை காட்டோரம் போய்வந்தது என்பதையும் உண்ணி கடித்த தேதியையும் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து வேறு. நீங்கள் ஏற்கனவே கொழும்புக்கோ கனடாவுக்கோ திரும்பிவிட்டால் இதைச் சொல்வது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே உள்ள டொக்டருக்கு அது தானாய் நினைவுக்கு வராது.